குழந்தைக்கு முதல் கடிகாரம் யார்?

நடுநிசி ஒரு மணி. ஊர் அடங்கிவிட்டது. தொட்டிலில் கிடக்கிற ஒரு மாதக் குழந்தை மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, கையையும் காலையும் உதைத்து விளையாடுகிறது. பகல் பதினோரு மணிக்கு எவ்வளவு எழுப்பியும் அசையாமல் தூங்கிய அதே குழந்தை! பெற்றவளுக்கோ கண் எரிகிறது, இடுப்பு விட்டுப்போகிறது.

பேரையூர்ப் பக்கம் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்ணானாலும் சரி, மதுரை டவுனில் மாடி வீட்டில் இருக்கும் பெண்ணானாலும் சரி, இந்தக் கட்டத்தைத் தாண்டாதவர்கள் குறைவு. அதோடு விட்டால் பரவாயில்லையே! ஆளுக்கொரு தீர்ப்பும் வந்துவிடும்.

"ஏத்தா, பகல் பூரா பிள்ளையத் தூங்க விட்டா ராத்திரி எப்படித்தா தூங்கும்?" என்பார் அம்மாச்சி. "எங்க வீட்டுப் பிள்ளைக எதுவும் இப்படி ராக்கோழியா இருந்ததில்ல" என்று பேரனைப் பார்க்க வந்த மாமியார் ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போவார். "துளி பிராந்தியைத் தொட்டு நாக்குல வையி, பேசாமத் தூங்கிரும்" என்று அடுத்த வீட்டு வைத்தியம் வேறு. இளம் தாய்க்கு ஏற்கெனவே தூக்கமில்லை. இப்போது 'எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லையோ' என்ற குறையும் சேர்ந்துகொள்கிறது.

நிஜமாகவே இது யார் குற்றம்? ஒருவர் குற்றமும் இல்லை. பிறந்த குழந்தைக்கு ராத்திரி எது, பகல் எது என்பதே இன்னும் தெரியாது. அதை அது கற்றுக்கொள்ள வேண்டும். எப்படிக் கற்றுக்கொள்கிறது, யாரிடம் கற்றுக்கொள்கிறது என்ற கேள்விக்கு நம் மதுரை மண்ணிலேயே பொறுமையாக உட்கார்ந்து பார்த்துப் பதில் தேடியிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

மதுரையிலே ஒரு காலக் கூடம்

பேரையூரிலிருந்து உசிலம்பட்டிக்கு வந்து, செக்கானூரணி வழியாக மதுரைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் நகரத்தை எட்டுவதற்கு முன்பே பல்கலை நகரைப் பார்த்திருப்பீர்கள். மதுரை காமராஜ் பல்கலைக்கழகம் இருக்கும் இடம். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கியது.

இங்கே விலங்குகளின் நடத்தையை ஆராய்வதற்கென்று ஒரு பிரிவை வளர்த்தவர் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் (1937–2009). உயிர்களின் உடம்புக்குள்ளே ஓடும் கடிகாரத்தைப் பற்றி நம் நாட்டில் முன்னோடியாக ஆராய்ந்தவர்களில் ஒருவர். 1979ஆம் ஆண்டுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசைப் பெற்றவர்.

உடம்புக்குள்ளே கடிகாரமா என்று கேட்காதீர்கள். அலாரம் வைக்காமலே தினமும் விடிகாலை ஐந்து மணிக்கு உங்களுக்கு விழிப்பு வருகிறதா? சாப்பாட்டு வேளை வந்தால் மணி பார்க்காமலே பசிக்கிறதா? அதெல்லாம் அந்தக் கடிகாரத்தின் வேலைதான். மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மிகச் சிறிய நரம்புத் திரள் ஒன்று இருக்கிறது. பாலூட்டிகளின் தலைமைக் கடிகாரம் அதுதான் என்று 1972இல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் கண்டறிந்தன. அந்தக் கடிகாரத்தின் 'சக்கரங்களாக' வேலை செய்யும் மரபணுக்களைக் கண்டுபிடித்ததற்காக 2017இல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள்.

ஆனால் இந்தக் கடிகாரத்தில் ஒரு சங்கடம் உண்டு. இது சரியாக 24 மணி நேரத்துக்கு ஓடுவதில்லை. மனிதர்களில் பெரும்பாலோருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடுகிறது. நம் வீட்டுச் சுவர்க் கடிகாரம் தினமும் சில நிமிஷம் பின்தங்கினால் ரேடியோ மணியைக் கேட்டுத் திருத்தி வைப்போம் அல்லவா? அதேபோல் உடம்பின் கடிகாரத்தையும் தினமும் ஏதாவது ஒன்று திருத்தி வைக்க வேண்டும். பெரும்பாலும் அதைச் செய்வது சூரியன். சரி, சூரிய வெளிச்சமே எட்டாத இடத்தில் வாழும் உயிர்களுக்கு?

குகைக்குள்ளே மணி அடிப்பது யார்?

இந்தக் கேள்விக்காகத்தான் சந்திரசேகரனும் அவரோடு இருந்த ஜி. மாரிமுத்து முதலிய ஆராய்ச்சியாளர்களும் மதுரையைச் சுற்றியுள்ள குகைகளுக்குள் நுழைந்தார்கள். அங்கே இலைமூக்கு வௌவால்கள் கூட்டம் கூட்டமாகத் தொங்குகின்றன. உள்ளே ராப்பகல் எப்போதும் கும்மிருட்டுதான். ஆனாலும் வெளியே அந்தி சாயும் நேரத்தில் வௌவால்கள் சொல்லிவைத்தாற்போல் கிளம்பி, இரை தேடப் போய்விடுகின்றன.

சில வௌவால்களைக் கூண்டில் வைத்து, அவை எப்போது பறக்கத் துடிக்கின்றன, எப்போது ஓய்கின்றன என்று பதிவு செய்தார்கள். கூண்டு, மற்ற வௌவால்கள் தொங்கும் குகையிலேயே இருந்தபோது, கூண்டுக்குள் இருந்தவையும் கூட்டம் கிளம்பும் நேரத்துக்கே விழித்துக்கொண்டன. வெளிச்சத்தை அவை பார்க்கவில்லை. கூட்டத்தின் சிறகடிப்பும் சத்தமும் போக்குவரத்துமே அவற்றுக்கு மணி அடித்தன! வேறு வௌவாலே இல்லாத குகையில் தனியாக வைத்தபோது கதை மாறியது. தனித்திருந்த வௌவால் தன் சொந்தக் கடிகாரப்படி நடந்தது. அதனால் அதன் விழிப்பு நேரம் வெளியுலகத்துப் பொழுதோடு ஒட்டாமல் நாளுக்கு நாள் விலகிப் போயிற்று. இந்த ஆராய்ச்சி 1981இல் வெளியானது.

என்ன தெரிகிறது? கடிகாரத்தைத் திருத்துவது சூரியன் மட்டும் இல்லை. கூடி வாழும் சுற்றமும் திருத்தும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுக்கு இது பிறகு வேண்டியிருக்கும்.

வரப்பு வளையிலே ஒரு தாய்

அடுத்து அவர்கள் எடுத்துக்கொண்ட பிராணி, நம் வயல் வரப்புகளில் வளை தோண்டி வாழும் சின்னஞ்சிறு வயல் சுண்டெலி. பத்துப் பன்னிரண்டு கிராம்தான் எடை இருக்கும். தாய் எலி பகலில் வளைக்குள் குட்டிகளை அணைத்துக்கொண்டு கிடக்கும். ராத்திரி தீனி தேடி வெளியே போகும். வளைக்குள் கிடக்கும் குட்டிகளுக்கு வெளிச்சமும் தெரியாது, இருட்டும் தெரியாது. ஆனாலும் வளர்ந்து வெளியே வரும்போது 'ராத்திரிதான் நம் வேளை' என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறதே, எப்படி?

என். விசுவநாதனும் சந்திரசேகரனும் செய்த சோதனை வெகு எளிமையானது. வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வராத ஓர் இடத்தில் குட்டிகளை வைத்தார்கள். பொழுது தெரிவிக்க எந்த அடையாளமும் கிடையாது. தாயை மட்டும் பன்னிரண்டு மணி நேரம் குட்டிகளோடு விட்டார்கள். அடுத்த பன்னிரண்டு மணி நேரம் பிரித்து எடுத்தார்கள். இப்படியே நாள்தோறும் குறித்த நேரத்தில் செய்துவந்தார்கள். குட்டிகளின் ஓட்டமும் ஓய்வும் கருவியில் பதிவாகிக்கொண்டே இருந்தன.

பதிவைப் பார்த்தால்... தாய் கூட இருக்கும் வேளையைக் குட்டிகள் 'பகல்' என்று எடுத்துக்கொண்டு ஓய்ந்தன. தாய் இல்லாத வேளையை 'ராத்திரி' என்று எடுத்துக்கொண்டு ஓடியாடின! தாயின் வரவும் போக்குமே குட்டிகளின் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்திருக்கிறது. 1985இல் 'நேச்சர்' என்ற உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானப் பத்திரிகையில் இது வெளிவந்தது. நாம் முறத்தை எடுத்துக்கொண்டு விரட்டுகிற சுண்டெலி, தாய்மையைப் பற்றி உலகத்துக்கே ஒரு பாடம் சொல்லிவிட்டது, பார்த்தீர்களா!

மனிதர்களையும் விடவில்லை

பல்கலை நகரில் மனிதர்கள் தங்குவதற்கென்றே ஒரு தனிமை அறையையும் அமைத்தார்கள். உள்ளே கடிகாரம் கிடையாது; ரேடியோ கிடையாது; பேப்பர் கிடையாது; வெளி வெளிச்சமும் சத்தமும் வராது. தாமாக முன்வந்தவர்கள் அதில் நாள் கணக்கில் தங்கினார்கள். இஷ்டப்பட்டபோது தூங்கலாம், இஷ்டப்பட்டபோது எழுந்திருக்கலாம். எப்போது தூங்கினார்கள், எப்போது விழித்தார்கள் என்று மட்டும் பதிவாகும்.

அப்படித் தங்கியவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. வெளியுலகப் பொழுதை விட்டு அவருடைய தூக்கமும் விழிப்பும் தனிப்போக்காகப் போனபோதும், மாதவிலக்குச் சுழற்சி அதோடு சேர்ந்து இழுபடவில்லை. அது தன் கணக்கிலேயே நடந்தது. 1991இல் வெளியான முடிவு இது. பெண் உடம்பில் ஒரே ஒரு கடிகாரம் இல்லை, வெவ்வேறு கணக்குகள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன என்று காட்டிய அபூர்வமான பதிவு.

எலிக்குச் சரி, நம் பிள்ளைக்கு?

நியாயமான கேள்வி. எலிக்குட்டிக்குப் பொருந்துவதெல்லாம் மனிதக் குழந்தைக்கு அப்படியே பொருந்திவிடாது. நம் குழந்தை பகலில் விழித்து இரவில் தூங்கப் பிறந்தது. எலி அதற்கு நேர்மாறு. அதனால் குழந்தைகளைத் தனியாகத்தான் கவனிக்க வேண்டும். அப்படிக் கவனித்தும் இருக்கிறார்கள்.

நேதனியேல் கிளைட்மன் என்று ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர். 1938இல் அமெரிக்காவின் மாபெரும் குகை ஒன்றில் 32 நாள் தங்கித் தன் தூக்கத்தையே ஆராய்ந்தவர்! அவர் 1953இல், கைக்குழந்தைகளின் தூக்கத்தை வாரக்கணக்கில் பதிவு செய்து வெளியிட்டார். ஒரு நாளின் பதிவுக்குக் கீழே அடுத்த நாளின் பதிவை வைத்துப் பார்த்தால், முதல் வாரங்களில் கடுகு சிதறினாற்போல் இருபத்து நான்கு மணி நேரத்திலும் தூக்கம் சிதறிக் கிடக்கிறது. வாரங்கள் போகப் போக அந்தக் கடுகெல்லாம் மெல்ல மெல்ல இரவுப் பக்கம் ஒதுங்கிச் சேருகிறது.

இன்று டாக்டர்கள் சொல்வதும் இதுதான். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் துண்டு துண்டாகத் தூங்கும். வயிறு சிறியது, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால் வேண்டும். இரவு-பகல் வித்தியாசம் படிய ஏறக்குறைய இரண்டு மூன்று மாதமாகும். சில பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூட ஆகலாம்.

இதிலே தாயின் பங்கு என்ன? வயிற்றில் இருக்கும்போது, இருட்டினதும் தாயின் உடம்பில் சுரக்கும் மெலடோனின் என்ற பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. தாயின் ராத்திரி, குழந்தைக்கும் ராத்திரி! பிறந்ததும் அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. குழந்தையின் உடம்பு அதைத் தானே ஒழுங்காகச் சுரக்கச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை? தாய்ப்பாலில் வருகிறது. இரவுப் பாலில் மெலடோனின் இருக்கிறது. பகல் பாலில் அநேகமாக இல்லை. ராத்திரி பால் கொடுக்கும்போது 'இது ராத்திரி' என்ற சேதியையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

வெளிச்சத்தின் பங்கும் உண்டு. 2004இல் இங்கிலாந்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரக் குழந்தைகளைக் கவனித்தபோது, இரவில் நன்றாகத் தூங்கிய குழந்தைகள் மதியத்துக்குப் பின் அதிக வெளிச்சத்தில் இருந்தவை என்று தெரிந்தது.

இங்கேதான் நம் வீட்டுப் பழக்கம் ஒன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிள்ளை பெற்றவளையும் பிள்ளையையும் காற்றுப் படக்கூடாது, கண்படக்கூடாது என்று ஜன்னலை அடைத்து, அரையிருட்டு அறையில் வைக்கிறோம். ராத்திரியிலோ 'பிள்ளை பயப்படும்' என்று பளீரென்று டியூப் லைட்டைப் போட்டுவைக்கிறோம், பக்கத்தில் டி.வி. ஓடுகிறது, செல்போன் மின்னுகிறது. பகலும் மங்கல், ராத்திரியும் வெளிச்சம். பாவம், குழந்தை எதை வைத்துப் பொழுதைக் கண்டுபிடிக்கும்?

வீட்டில் செய்யக்கூடியவை

பகலில் ஜன்னலைத் திறந்துவையுங்கள். உச்சி வெயிலில் காட்ட வேண்டாம். வெளிச்சமான கூடத்தில், திண்ணையில், நிழலில் இருந்தால் போதும். பாத்திரச் சத்தம், பேச்சுச் சத்தம் கேட்கட்டும். பகலில் பால் கொடுக்கும்போது பேசுங்கள், சிரியுங்கள், பாடுங்கள்.

இரவில் இதற்கு நேர்மாறு. சிறிய, மங்கலான விளக்கு ஒன்று போதும். பால் கொடுங்கள், துணி மாற்றுங்கள், தட்டிக்கொடுத்துப் படுக்க வையுங்கள். அவ்வளவுதான். கொஞ்சல், விளையாட்டு எல்லாம் காலைக்கு இருக்கட்டும்.

பகலில் தூங்கினால் தட்டி எழுப்பி விழிக்க வைக்க வேண்டாம். களைத்துப்போன குழந்தை ராத்திரி இன்னும் அதிகமாகத்தான் சிணுங்கும். பால் வேளை தவறினால் மட்டும் எழுப்பிக் கொடுக்கலாம்.

தூங்க வைப்பது எப்போதும் நிமிர்த்திப் போட்டே. மெத்தென்ற தலையணை, கனமான போர்வை எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

பிராந்தி, அபின், பெரியவர்களின் இருமல் மருந்து... குழந்தையைத் தூங்க வைக்கிறேன் என்று இவற்றில் ஒரு துளிகூடக் கொடுக்காதீர்கள். குழந்தைக்கு வருவது தூக்கம் அல்ல, மயக்கம். மூச்சே நின்றுபோகக்கூடிய ஆபத்து அது.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்

இனி முக்கியமான விஷயம். பல்கலைக்கழகத்தில் செய்ததை நீங்களும் செய்யலாம். கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், உலகப் புகழ் பெற்ற சார்லஸ் டார்வின் தன் மூத்த மகன் 1839 டிசம்பரில் பிறந்ததிலிருந்து, குழந்தை எப்போது தும்மியது, எப்போது சிரித்தது, எதற்குப் பயந்தது என்று நோட்டில் எழுதிவைத்தார். அதையே 1877இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அவரிடம் இருந்த கருவி பென்சிலும் பொறுமையும்தான்.

ஒரு நோட்டில் ஏழு நாள் எழுதுங்கள். தூங்கிய நேரம், விழித்த நேரம், பால் குடித்த நேரம், ஈரமான துணி எத்தனை. இவ்வளவு போதும். ஆனால் ஒரு நிபந்தனை: கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். 'ராத்திரி 2.10க்கு அழுதது, பால் குடித்தது, 2.40க்குத் தூங்கியது' என்பது பார்த்தது. 'பிடிவாதம் பிடித்தது', 'வேண்டுமென்றே படுத்தியது' என்பது நாமாக நினைத்தது. குகையில் உட்கார்ந்து வௌவாலைப் பார்த்தவர்கள் 'இதற்குச் சோம்பல்' என்று எழுதவில்லை. எத்தனை மணிக்குப் பறந்தது என்றுதான் எழுதினார்கள். உண்மை பிடிபட்டது அதனால்தான்.

ஏழு நாள் கழித்துப் பாருங்கள். 'ராத்திரி பூரா தூங்கவே இல்லை' என்று நாம் நினைத்த குழந்தை, எழுதிப் பார்த்தால் நிறையவே தூங்கியிருக்கும். பத்து நாள் கழித்து இன்னொரு வாரம் எழுதினால் ராத்திரித் தூக்கம் கொஞ்சம் நீண்டிருப்பது தெரியலாம். நான்கு பேர் நான்கு விதமாகப் பேசும்போது, அந்த நோட்டு உங்களுக்குத் தைரியம் சொல்லும்.

டாக்டருக்கும் அது உதவும். முதல் வாரம் கழிந்தபின் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது துணி நனைய வேண்டும். அதற்குக் குறைந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் துவண்டு துவண்டு விழுந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, மேனி மஞ்சளாகிக்கொண்டே போனாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 'ராக்கோழி' என்று அதைத் தள்ளிவிடக்கூடாது.

நோட்டில் இன்னொரு வரியும் சேருங்கள்: நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, பிள்ளை மேலே ஒட்டுதல் வரவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு அது. வெட்கப்பட ஒன்றுமில்லை, வைத்தியம் உண்டு.

அம்மா மட்டுமா?

சுண்டெலி சொன்னது, தாயே முதல் கடிகாரம் என்று. அதை வைத்து 'பார்த்தாயா, எல்லாம் உன் பொறுப்புத்தான்' என்று மருமகளை யாரும் குற்றம் சொல்லிவிடக்கூடாது. அதனால்தான் வௌவாலை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். குகையில் மணி அடித்தது ஒரு வௌவால் இல்லை, மொத்தக் கூட்டமும்!

வீடும் அப்படித்தான். ஒன்பது மணிக்கு டி.வி.யை அணைக்கிற தாத்தா, விளக்கைக் குறைக்கிற மாமியார், நடுராத்திரி பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துத் துணி மாற்றுகிற அப்பா, விடிந்ததும் குழந்தையைத் திண்ணைக்கு எடுத்துப்போய், "நீ ஒரு மணி நேரம் கண்ணை மூடு தாயி, நான் பார்த்துக்கிறேன்" என்கிற அம்மாச்சி... இவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் குழந்தையின் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறார்கள்.

இன்று ராத்திரி ஒரு மணிக்குக் குழந்தை விழித்துச் சிரித்தால், நீங்களும் ஒரு தடவை சிரித்துவிட்டு, விளக்கைக் குறைத்துக்கொண்டு, நோட்டில் நேரத்தை எழுதுங்கள். மூன்றாவது மாதம் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். சிதறிக் கிடந்த தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இரவுக்குள் வந்து சேர்ந்திருப்பது, நீங்களே எழுதிய எழுத்தில் தெரியும்.